பூச்சிக்குத் தீனி வைத்த கை

சங்கராபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக் கண்ணகி என்ன வளர்க்கிறாள் என்று சொன்னாலே எல்லோரும் மூக்கைச் சுளிப்பார்கள். அவள் வளர்ப்பது பூச்சி. செங்கல்லைப் புரட்டினால் அடியில் ஓடுமே, தொட்டால் உருண்டுகொள்ளும் சாம்பல் பூச்சி, அந்த வகைதான். கூடவே, எள்ளில் பாதிகூட இல்லாமல் எகிறிக் குதிக்கும் வெள்ளைப் பூச்சி. பட்டணத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் செடி வளர்க்கிறவர்கள் இரண்டையும் வாங்கி உள்ளே விடுகிறார்கள். அழுகின இலையையும் பூஞ்சையையும் தின்று பெட்டியைச் சுத்தமாக வைத்திருக்குமாம்.

தொழிலை ஆரம்பித்தவள் தங்கை சுபஸ்ரீ. கூரியரில் பூச்சி வந்த அன்றைக்கே டப்பாவைத் திறந்துவிட்டு அலறி, அக்கா வீட்டில் கொண்டுவந்து தள்ளியவளும் அவள்தான். "நீ தீனி வெச்சிக்கினு இருந்தா போதும்கா, மத்தத நான் பாத்துக்கறன்" என்றாள்.

கண்ணகி கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவள். அதை விட்டுவிட்டு இதில் இறங்கினாள். வெள்ளிமலை பஸ் ஏறி, தெரிந்தவர்கள் வீட்டுப் பலாமரத்தடியில் சருகு பொறுக்கி மூட்டை கட்டிக்கொண்டு வருவாள். கீழே மருந்தடித்த தோட்டத்துச் சருகைத் தொடமாட்டாள். வெந்நீரில் போட்டெடுத்துக் காயவைத்து டப்பாக்களில் பரப்புவாள். முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவுவாள், எப்போதாவது ஒரு நெத்திலிக் கருவாடு. வெள்ளைப் பூச்சிகளுக்கு ஈரமான அடுப்புக்கரி மேல் நாலு அரிசி. அரிசியில் பூஞ்சை பிடித்தால் நமக்குக் குமட்டும், அதுகளுக்கு அதுதான் விருந்து.

"ஜாஸ்தி வெச்சா நாறிடும், கம்மியா வெச்சா ஒண்ண ஒண்ணு கடிச்சிக்கும்" என்பாள்.

நெட்டில் போட்டு விற்பதற்காகச் சுபஸ்ரீ அடிக்கடி வந்து வீடியோ எடுப்பாள். "மூஞ்சி வேணாங்கா, கை மட்டும் போதும்." கண்ணகியும் வெட்கப்பட்டுக்கொண்டு சரி என்றாள். இவளிடம் இருப்பது பட்டன் போன். ஒருநாள் என் போனில் அந்த வீடியோ வந்து நின்றது. அரிசி வைக்கிற விரலில் கரும்புக் கத்தி வெட்டின தழும்பு. குரல் மட்டும் சுபஸ்ரீயுடையது.

"எல்லாம் என் புள்ளைங்க, பிரெண்ட்ஸ். என் கையாலதான் ஊட்டி வளர்த்தேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடிப்போய்க் காட்டினேன்.

"கை உன்னுது, வாய் மட்டும் அவளுதா? போய்க் கேளுடி."

கேட்டாள். சண்டையெல்லாம் போடவில்லை. "என் பேர ஒருவாட்டி சொன்னா உனக்கு இன்னா கொறஞ்சிடும்? வேற ஒண்ணும் வேணாம்."

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த வீடியோல மொத வார்த்தையே உன் பேருதாங்கா. சத்தியமா."

அந்த ஒரு பேருக்காக அவள் காத்திருந்ததைப் பார்த்திருக்க வேண்டும். முகத்தையும் எடுக்கப்போகிறேன் என்று சுபஸ்ரீ சொன்னதும் தலைக்குக் குளித்து, பூ வைத்து, கல்யாண வீட்டுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு டப்பா முன்னால் உட்கார்ந்தாள்.

வீடியோ வந்த அன்றைக்கு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். போட்டேன். சுபஸ்ரீ சொன்ன சொல் தவறவில்லை. முதல் வார்த்தையே பேர்தான்.

"கண்ணகி! நம்ம வூட்ல வேல செய்றவங்க. வரும்போது ஒண்ணுமே தெரியாது, எல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன். பாருங்க, இப்ப எவ்ளோ அழகா தீனி வெக்கிறாங்க!"

இன்னொரு தரம் போடச் சொன்னாள். போட்டேன். 

"பேரக் கேட்டேன், சொல்லிட்டா" என்றாள் கண்ணகி. "அக்கான்னு சொல்லத்தான் வாய் வரல. கூடப் பொறந்தவள வேலக்காரி ஆக்கிட்டாடி."