வெட்டி எடுத்த இரண்டரை நிமிடம்

நாரின் என்ற மலையூரின் வானிலை நிலையத்தில் புருலுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முற்றத்துக்குப் போய்க் காற்று, குளிர், பனியின் ஆழம் எல்லாம் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். இடையில் கிடைக்கும் நேரம் அவளுடையது. அந்த நேரத்தில்தான், நாற்பது வயது தாண்டிய பிறகு, அவளுக்கு இந்தப் படப் பைத்தியம் பிடித்தது.

ஃபிராக்டல் என்பார்கள். ஒரு சின்னக் கணக்கை எடுத்து, வந்த விடையையே மறுபடி அதற்குள் போட்டு, லட்சம் தடவை ஓடவிட்டால் கம்ப்யூட்டர் திரையில் ஓர் உருவம் முளைக்கும். அதன் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உள்ளே அதே உருவம் குட்டியாக இருக்கும். அதற்குள் இன்னும் குட்டியாக. புருல் கணக்குப் படித்தவள், அதனால் செய்முறை சீக்கிரம் பிடிபட்டது. சீக்கிரமே சலித்தும் போனது. எல்லாப் படமும் ஜன்னல் கண்ணாடியில் படியும் உறைபனி மாதிரி ஒரே அழகாக இருந்தது. ஒருநாள் புருஷன் மெடெர் கொமுஸ் வாசித்ததைப் போனில் பதிந்து, ஒலி ஏறுவதையும் இறங்குவதையும் எண்களாக்கி அந்தக் கணக்குக்கு ஊட்டிப் பார்த்தாள். படத்துக்கு உயிர் வந்துவிட்டது.

மெடெர் கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன். மூன்று தந்தி கொமுஸை அவன் சுமாராகத்தான் வாசிப்பான். தான் தடுமாறிய இடமெல்லாம் திரையில் சுருள் சுருளாக வந்திருப்பதைப் பார்த்து, "என் தப்பையெல்லாம் பூவாக்கி வச்சிருக்கா. இனிமே தைரியமா தப்பா வாசிக்கலாம்" என்று வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பான்.

ஒரு படம் முடிய மூன்று வாரம் பிடிக்கும். பழைய கம்ப்யூட்டர் முழு நாளும் உறுமி ஒன்றை வரைந்து முடித்திருக்கும், பார்த்தால் இடது மூலையில் நிறம் கலங்கியிருக்கும். ஏதோ ஒரு எண்ணைத் துளி மாற்றி மறுபடி முதலிலிருந்து ஓடவிடுவாள். அந்தப் பொறுமை அவளுக்கு மனிதர்களிடம் இருந்ததில்லை. அது அவளுக்கே தெரியும்.

தலைநகர் பிஷ்கெக்கில் எல்டியார் என்ற இளைஞன் இப்படிக் கம்ப்யூட்டரில் படம் செய்பவர்களைச் சேர்த்து அக்டோபரில் இரண்டு நாள் கூட்டம் வைத்தான். புருலையும் அழைத்திருந்தான். கிளம்பும் காலையில் மெடெர் தேநீரைத் தொடவில்லை.

"நெஞ்சு ஒரு மாதிரி அழுத்துது."

"நான் வேணா போகாம இருந்துரட்டுமா?"

"வாயுவா இருக்கும். போயிட்டு வா. ரொட்டி இருக்கு, கறி இருக்கு. நானென்ன தொட்டில் புள்ளயா?"

அவன் முகம் வெளுத்திருந்ததை அவள் பார்த்தாள். வாசலில் வாடகைக் கார் வந்து ஹாரன் அடித்தது. போய்விட்டாள். மறுநாள் மத்தியானம், அவளுடைய படம் பெரிய திரையில் ஓடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து மெடெர் இறந்துவிட்டதைச் சொன்னார்.

அவள் ஊர் திரும்பும்போது முற்றத்தில் துக்கக் கூடாரம் எழும்பியிருந்தது. உள்ளே இடது பக்கத்தில் மெடெர் கிடந்தான். கறுப்பு உடுத்திய பெண்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மெடெரின் அக்கா சுரகான், அத்-பாஷியிலிருந்து வந்தவள், அவனைவிடப் பன்னிரண்டு வயது பெரியவள். புருலைப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். வழக்கப்படி பெண்சாதி பாடி அழ வேண்டும். அவளுக்கு வாய் திறக்கவில்லை. சுரகான்தான் இருவருக்கும் சேர்த்துப் பாடினாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் புருலின் கை கோட்டுப் பைக்குள் போய்ப் போனில் பதிவை அழுத்தியது. ஏன் செய்தாள் என்று பிறகு பலமுறை யோசித்தாள். புருஷனின் கடைசி நாளை வைத்துக்கொள்ளத்தான் என்று சில நேரம் தோன்றும். குரல் அத்தனை உயரத்திலிருந்து உடைந்து விழுவதைக் கேட்டவுடன் அதன் வடிவம் எப்படியிருக்கும் என்று மனம் ஓடியதுதான் நிஜம் என்று சில நேரம் தோன்றும்.

ஒப்பாரி பதினேழு நிமிடம் நீண்டது. ஒன்பதாவது நிமிடத்தில் சுரகான் பாடினாள்:

"வாசல் பார்த்துக் கிடந்தியே, என் மலையே, என் தம்பியே,
கண்ணாடிக்குள்ள பூப்பறிக்கப் போனவளக் காணலையே."

கூடாரத்திலிருந்த அத்தனை பெண்களும் கேட்டார்கள். பிஷ்கெக்கில் படிக்கும் மகள் பெகிமாயும் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. துக்க வீட்டில் பாடியதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

நாற்பதாம் நாள் முடிந்து வீடு காலியானதும் புருல் அந்தப் பதிவை எடுத்தாள். முதலில் முழுசாகத்தான் கொடுத்தாள். படம் பாதிவரை ஒழுங்காக விரிந்து, நடுவில் கறுப்பாகக் கிழிந்தது. சுரகான் குரல் திடீரென்று ஏறி, இருமி, நின்று, மறுபடி பிடித்த இடம் அது. அந்தக் கிழிசல் பக்கத்துச் சுருள்களையும் தின்றது. எண்களை மாற்றிப் பார்த்தாள். ஒரு மாதம் பார்த்தாள். கிழிசல் நகர்ந்ததே தவிர மறையவில்லை.

பிறகு ஒன்பதாவது நிமிடத்திலிருந்து இரண்டரை நிமிடத்தை வெட்டி எடுத்தாள். இரைச்சல், அதனால் வெட்டினேன் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வெட்டியதும் படம் கண்ணைப் பறித்தது. மார்ச்சில் ஆற்றுப் பனிக்கட்டி உடையும்போது அடியில் தெரியும் நீலம், ஓரமெல்லாம் வெள்ளி. எல்டியாருக்கு அனுப்பினாள்.

"அக்கா, நீங்க செஞ்சதுலயே இதுதான்," என்றான் அவன். "வசந்தக் கண்காட்சியில நடு அறையில வைக்கிறேன். பக்கத்துல ஹெட்போன் மாட்டிடலாம், பாட்டைக் கேட்டுக்கிட்டே பாக்கட்டும். பாடுனவங்க சம்மதிச்சாச்சுல்ல?"

"ம்," என்றாள் புருல்.

அந்த ஒரு 'ம்'முக்குப் பிறகு அத்-பாஷிக்குப் போன் போட எண்ணைத் தேடி எடுப்பாள், வைத்துவிடுவாள். ஒரு தடவை மணி அடிக்கவே விட்டாள். சுரகான் எடுத்ததும் கால்நடைகள் எப்படி, மூட்டுவலி எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

கண்காட்சி திறந்த அன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"அம்மா, படம் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

"அப்பாவுக்குன்னு செஞ்சதும்மா."

"அத்தை பாடுனது முழுசா இல்லையே."

"நடுவுல சத்தம் சரியில்ல. இருமல்."

"இருமல் மட்டும்தானாம்மா?" என்றாள். புருல் பதில் சொல்வதற்குள், "அத்தைகிட்ட கேட்டியா?" என்றாள்.

"கேக்கணும்."

"திறந்தாச்சும்மா. இனிமே என்னத்தக் கேக்கறது."

மூன்றாம் நாள் யாரோ உறவுப் பையன் படத்தையும் பாட்டையும் சேர்த்துப் பிடித்துக் குடும்பத்தின் வாட்ஸப் குழுவில் போட்டான். கீழே இதயமும் கைகூப்பலுமாக வரிசை கட்டின. சுரகானிடமிருந்து ஒன்றுமில்லை. நான்காம் நாள் காலை அவளே வந்து இறங்கினாள்.

புருல் தேநீர் ஊற்றினாள், ரொட்டி பிட்டு வைத்தாள். சுரகான் ரொட்டியைத் தொட்டு வாயில் வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள்.

"பதினேழு நிமிஷம் பாடுனேனாம். உன் மகதான் சொன்னா, நான் எண்ணிக்கிட்டா பாடுனேன்? அங்க பதினாலரைதான் ஓடுதாம்."

"அக்கா, உங்ககிட்ட கேட்டிருக்கணும். தப்புதான்."

"கேக்காம எடுத்தது ஒரு தப்பு. அத விடு. ஊரே கேட்ட அழுகைதானே, சுவத்துல மாட்டிட்டே, போகட்டும்." சுரகான் குரல் உயரவில்லை. "நான் உன்னத் திட்டிப் பாடுனேன். தெரிஞ்சுதான் பாடுனேன். கோவம்னா வந்து என்கிட்ட சண்ட புடிச்சிருக்கணும். மூஞ்சியத் திருப்பியிருக்கணும். நீ என்ன பண்ணுனே? கத்தரிக்கோல எடுத்தே. இப்ப அங்க பாடறது யாரு? ஒரு நல்ல கிழவி. யார் மேலயும் குத்தம் சொல்லாத கிழவி. அது நானில்ல."

புருல் மேஜைத் துணியின் மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றாள் சுரகான். "செத்த அன்னிக்குக் காலையில அவன் எனக்குப் போன் பண்ணுனான். நெஞ்சு வலிக்குதுக்கான்னான். சூடா சூப்பு குடிச்சிட்டுப் படுன்னு சொன்னேன். ஆட்டுக்கு ரோமம் வெட்டுற ஆள் வந்து நின்னான், வச்சிட்டேன். இத நான் பாடல. உன்னப் பாடுனேன். என்னப் பாடல."

புருலுக்கு அப்போது ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்ததைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது. இந்த மனுஷி தன் மேலேயே பாரத்தைப் போட்டுக்கொண்டு போய்விடுவாள், நாம் வாயைத் திறக்காவிட்டால் போதும்.

"எங்கிட்டயும் சொன்னாரு," என்றாள். "மொத நாள். நான் கிளம்பற நேரம். மூஞ்சி வெளுத்திருந்துச்சு. பாத்துட்டுத்தான் போனேன்."

சுரகான் அவளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று புருல் காத்திருந்தாள். சுரகான் தலைத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். முடிச்சு இரண்டு தரம் நழுவியது.

"மொத நாளே," என்றாள் கடைசியில். "அப்ப ஒரு முழு நாள் இருந்திருக்கு."

எழுந்து செருப்பை மாட்டினாள்.

"படத்த எடுத்துரட்டுமாக்கா?"

"உன் சாமான். வச்சுக்க, இல்ல எடுத்துரு. வைக்கறதுன்னா நான் பாடுனத முழுசா வை."

வண்டி நிற்கும் இடம்வரை புருல் கூடவே நடந்தாள்.

அன்று வேலைக்கு விடுப்பு சொல்லிவிட்டு முழுப் பதிவையும் மறுபடி கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாள். இந்தத் தடவை கிழிசலைச் சரிசெய்ய எந்த எண்ணையும் தொடவில்லை. நிறத்தை மட்டும், சுற்றியுள்ள நீலம் அதை மூடாதபடி, கொஞ்சம் வெளிறவைத்தாள். மறுநாள் மாலை முடிந்த படத்தில் நடுவிலிருந்து கீழ்வரை ஒரு கறுப்பு வாய் பிளந்திருந்தது. அதன் விளிம்பை எத்தனை பெரிதாக்கினாலும் உள்ளே அதே வாய் சின்னதாகப் பிளந்தது. அவள் ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். மெடெர் இறந்த பிறகு அவள் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

எல்டியாருக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, இது பாதியில கெட்டுப்போன மாதிரி இருக்கு. பழசையே விடுங்களேன். சனங்க அதுக்கு முன்னாடி நின்னு அழுதாங்க."

"அழுதவங்களுக்குப் பாதிதான் கேட்டுச்சு. அன்னிக்கு நீ சம்மதம் கேட்டப்ப நான் பொய் சொன்னேன். மாத்து, இல்லன்னா இறக்கிடு."

மாற்றினான். ஆனால் நடு அறையிலிருந்து ஓரத்துக்கு நகர்த்தினான். மீதி நான்கு நாட்களில் அங்கே நின்றவர்கள் கொஞ்சம் பேர். பெகிமாய் தினமும் வகுப்பு முடிந்து போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டாளாம். அம்மாவிடம் அதைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. எல்டியார்தான் சொன்னான்.

குடும்பக் குழுவில் புருல் தானே முழுப் பாட்டையும் படத்தையும் போட்டாள். இதயம் ஒன்றும் வரவில்லை. இரண்டு சித்திகள் குழுவை விட்டே போனார்கள். கடைத்தெருவில் ஒருத்தி, "உன் நாத்தனா உன்ன இப்படிப் பாடுனத நீயே ஏம்மா ஊருக்குக் காட்டற?" என்று கேட்டாள். "பாடுனாங்க, அதான்," என்றாள் புருல்.

வருஷம் திரும்பியபோது திவச விருந்துக்குச் சுரகான் வந்தாள். மாவு பிசைந்தாள், கறியை வயசு வரிசைப்படி பங்கு பிரித்தாள், யாருக்கு எங்கே இடம் என்று சொன்னாள். புருலிடம் உப்பு கேட்டாள், பெரிய தட்டு எங்கே என்று கேட்டாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. சாயங்காலம் கல்லறைக்குப் போகும்போது மற்றவர்களுக்கு முன்னால் தனியாக நடந்தாள்.

புருல் இப்போதும் படம் செய்கிறாள். கொமுஸ் பதிவுகள், ரேடியோவில் வரும் இசை. யார் வாசித்தாலும் முதலில் எழுதிக் கேட்கிறாள். எது கிழிந்தாலும் உடனே தொடுவதில்லை. சில கிழிசல்கள் வெறும் கணக்குப் பிழைதான், சிலது வாசித்தவர் நிஜமாகவே உடைந்த இடம், இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவளுக்குப் பெரும்பாடாக இருக்கிறது. சில படங்கள் அதனாலேயே மாதக்கணக்கில் முடியாமல் கிடக்கின்றன.

போன வாரம் அத்-பாஷியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. சுரகானின் பேத்திக்குக் கல்யாணம். உறையின் மேல் பெகிமாய் பெயர் மட்டும் இருக்கிறது. அத்தை மறந்திருப்பாள், நீயும் வா என்கிறாள் மகள். சுரகான் எதையும் மறக்கிறவள் இல்லை. போவதா வேண்டாமா என்று புருல் இன்னும் முடிவு செய்யவில்லை.