இருபத்தெட்டுப் பொட்டலமும் ஒரு பால்புட்டியும்

விடியற்காலை நான்கு மணிக்குச் சங்கரன்கோவிலில் வாடகைக் காரில் ஏறியபோது என்னிடம் ஒரு பெட்டி, ஒரு தோள்பை, எட்டு மாதக் குழந்தை ரூபி, இம்மூன்றையும் விடக் கனமான தன்னம்பிக்கை ஆகியவை இருந்தன. முதல் மூன்றும் மான்செஸ்டர் வரை பத்திரமாக வந்து சேர்ந்தன.

என் மனைவி எஸ்தர் மான்செஸ்டரில் நர்ஸ். பேறுகால விடுப்பு முடிந்து ஆறு வாரம் முன்பே வேலைக்குத் திரும்பிவிட்டாள். ரூபிக்கு விசா வரத் தாமதமானதால் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. திருவனந்தபுரத்திலிருந்து துபாய், அங்கிருந்து மான்செஸ்டர். வீட்டு வாசலிலிருந்து இருபது மணி நேரத்துக்கு மேல். எஸ்தர் போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பால் பவுடர் டின்னப் பிரிக்காம அப்படியே கொண்டாங்க. உங்க கடை வேலையெல்லாம் அதுல காட்டாதீங்க."

காட்டினேன். நான் பலசரக்குக் கடைக்காரன். டின் என்பது பாதி காற்று என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். தராசை எடுத்தேன். ஒரு வேளைக்கு ஆறு கரண்டி, இருபத்தேழு கிராம். நானூறு கிராம் டின் பதினாலு பொட்டலமாயிற்று. மிச்சம் இருபத்திரண்டு கிராமை, சிந்தாமல் சிதறாமல், நானே தின்றுவிட்டேன். அதே சூட்டில், அங்கே போய்க் கஞ்சி காய்ச்சுவதற்கான சத்துமாவையும் (வறுத்த பச்சரிசியும் பொட்டுக்கடலையும் திரித்தது) இருபத்தேழு கிராம் வீதம் பதினாலு பொட்டலம் போட்டேன். அதே வெள்ளைத்தாள், அதே மடிப்பு. என் கைக்குத் தெரிந்தது ஒரே மடிப்புத்தான். பால் தோள்பைக்கு, மாவு பெட்டிக்கு. ஆளுக்கொரு மஞ்சள் பை. குழப்பத்துக்கு எங்கே இடம்?

கடையநல்லூர் தாண்டும்போது கார் ஓட்டிய கோமதிநாயகம் கேட்டான்.

"அண்ணாச்சி, பொட்டலத்துல பேரு கீரு எழுதிருக்கீயளா?"

"ஏலே, இருவது வருசமா கடையில இருக்கேன். தொட்டுப் பாத்து, மோந்து பாத்துச் சொல்லிருவேன்."

"ரெண்டு நாளா மூக்கடைப்புன்னு சொன்னீயளே?"

"ரோட்டப் பாத்து ஓட்டுலே."

தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு. மலைப்பாதையில் ரூபி உறங்கினாள், நான் தும்மினேன். நூற்றைம்பது கிலோமீட்டர், வாடகை நாலாயிரத்து ஐந்நூறு. எட்டு மணிக்கு விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, கோமதிநாயகம் என்னைப் பார்த்ததை விடக் கவலையாகப் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனான்.

எட்டரை மணி. பெட்டியை எடை போட்டபோது இரண்டரை கிலோ அதிகம். தராசோடு பிறந்தவனுக்கு இது அவமானம். ஓரமாக உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, கையில் அகப்பட்டதையெல்லாம் தோள்பையில் திணித்தேன். ஒரு ஜோடிச் செருப்பு, எஸ்தரின் கம்பளிச்சட்டை, ஒரு மஞ்சள் பை.

ஒன்பதே காலுக்குப் பாதுகாப்புச் சோதனை. ஒரு கையில் ரூபி, இன்னொரு கையில் பெல்ட், நழுவும் கால்சட்டை. பொடி வகைகளைத் தனியே காட்டச் சொன்னார்கள். பின்னால் வரிசை முனகியது. அவசரத்தில் இரண்டு மஞ்சள் பைகளையும் ஒரே தட்டில் நானேதான் கவிழ்த்தேன். இருபத்தெட்டுப் பொட்டலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டன. என்னுடைய தன்னம்பிக்கை அந்தத் தட்டோடு இயந்திரத்துக்குள் போனதுதான், பிறகு நான் அதைப் பார்க்கவில்லை.

பெண் அதிகாரி இந்தியில் கேட்டார், என்ன இது? குழந்தைப் பால் என்றேன். எல்லாமுமா? இல்லை, பாதி பால், பாதி மாவு என்றேன். எது பால்? நான் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். இன்னொன்றை மோந்து பார்த்தேன். உலகமே சளியாக இருந்தது. "அதுதான் எனக்கும் தெரியவில்லை" என்று உண்மையைச் சொன்னேன். பாதுகாப்புச் சோதனையில் சொல்லக்கூடாத வாக்கியங்கள் என்று பட்டியல் இருந்தால் இது முதலிடத்தில் இருக்கும். மூன்று பேர் கூடினார்கள். ஒரு துணித்துண்டால் பொட்டலங்களைத் துடைத்து ஒரு கருவிக்குள் வைத்தார்கள். பதினைந்து நிமிடம் கழித்து அதிகாரி தட்டை என் பக்கம் தள்ளினார். இதில் வெடிக்கிற சாமான் எதுவும் இல்லை, எது பால் என்பது உங்கள் பாடு என்றார். நியாயமான தீர்ப்பு.

டின் பால் வாங்கலாம் என்று உள்ளே கடை கடையாக அலைந்தேன். சாக்லேட் இருந்தது, வாசனைத் திரவியம் இருந்தது. ரூபி குடிக்கும் பால் இல்லை. இரவே கலந்து வைத்திருந்த ஒரு புட்டிப் பாலும் காரிலேயே தீர்ந்திருந்தது.

பத்து நாற்பதுக்கு விமானம் கிளம்பியது. பக்கத்து இருக்கையில் கடையநல்லூர் ஜமீலா. கணவர் துபாயில் வேலை. இவர் வருடம் ஒரு தடவை அங்கே போய்வருகிறவர். தன் இருக்கையில் உட்காராமல் அவர் மடியில் இரண்டு வயது மகன். காலடியில் பிரிக்காத பால் டின், பிளாஸ்க், இரண்டு புட்டிகள், எல்லாம் வரிசையாக. எனக்கு ஊர்க்காரரைப் பார்த்த மகிழ்ச்சியை விட வெட்கமே அதிகம்.

ஒரு மணி நேரத்தில் ரூபி விழித்தாள். முதலில் முனகல், பிறகு என் தாடையில் ஒரு அறை, பிறகு விமானம் முழுவதற்கும் அறிவிப்பு. பணிப்பெண் வெந்நீர் கொண்டுவந்தார். மனசுக்குப் பட்ட ஒரு பொட்டலத்தைப் பிரித்தேன். வெளிர்மஞ்சளாக இருந்தது. இரண்டும் வெளிர்மஞ்சள்தான். நாக்கில் வைத்தேன், சுண்ணாம்பைத் தின்றாலும் தெரியாத நாக்கு. புட்டியில் கொட்டி, ஆறவைத்து, குலுக்கி, ரூபியின் வாயருகே கொண்டுபோனேன்.

"நில்லுங்க அண்ணாச்சி!" ஜமீலா என் மணிக்கட்டைத் தட்டிவிட்டார். "புட்டி அடியப் பாருங்க. என்னமோ மண்டிக்கிடக்கு."

அடியில் இரண்டு விரற்கடை வண்டல்.

"சத்துமாவு போலிருக்கு, தங்கச்சி" என்றேன்.

"காய்ச்சாத மாவையா பிள்ளைக்குக் குடுக்கப் போனீங்க? வயித்தால போயி, ஆகாசத்துல யாரு பாக்கது? டின்னு எங்க?"

"ஊர்ல, கடையில. கடுகு போட்டு வச்சிருக்கேன்."

ஜமீலா புட்டியை வாங்கி ஓரமாக வைத்தார். "உங்க வீட்டம்மா எப்படித்தான் உங்கள நம்பிப் பிள்ளைய விட்டாங்களோ."

அவருடைய டின்னில் இருந்தது பெரிய பிள்ளைகளுக்கானது. ரூபிக்கு ஆகாது. ஒரு பொட்டலத்தை நீட்டி, மோந்து பார்த்துச் சொல்லச் சொன்னேன். மறுத்துவிட்டார்.

"மோந்து பாத்துப் பிள்ளைக்குக் குடுக்கப்படாது. தண்ணி பொய் சொல்லாது. ஆறு கப்பு கேளுங்க."

எங்கள் மூன்று தட்டுப்பலகைகளிலும் ஆறு காகிதக் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒவ்வொரு பொட்டலத்திலிருந்தும் ஒரு சிட்டிகை. மூன்றில் மாவு நேரே அடிக்குப் போய் உட்கார்ந்தது. மூன்றில் தண்ணீர் மெல்ல வெளுத்துப் பாலாயிற்று. ரூபியின் அலறலுக்கு நடுவில் அந்த வெண்மையைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. சளி என்று சொல்லிவிட்டேன். பால் தெரிந்த பொட்டலத்தில் ஜமீலா தம் கண்மைப் பென்சிலால் "பா" என்று எழுதச் சொன்னார். ஒன்றைக் கலந்து கொடுத்தேன். இருபத்தேழு கிராமுக்கு நூற்றெண்பது மில்லி தண்ணீர். அளவு மட்டும் இம்மி பிசகவில்லை. ரூபி ஒரே மூச்சில் குடித்து, ஏப்பம் விட்டு, ஜமீலாவின் மகன் தலைமுடியைப் பிடித்தபடி உறங்கினாள். இன்னும் ஆறு பொட்டலத்தைச் சோதித்ததில் மொத்தம் ஏழு பால் தேறின. முன்வரிசைக்காரர் திரும்பி, நாங்கள் என்ன ஆராய்ச்சி செய்கிறோம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "பலசரக்கு" என்று ஜமீலாவே பதில் சொன்னார்.

துபாயில் அவர் இறங்கும்போது பென்சிலை என் சட்டைப்பையில் செருகினார். "மிச்சத்தையும் சோதிச்சு எழுதுங்க. ஊருக்கு வந்தா உங்க கடைக்கு வாரேன், ஆனா பொட்டலத்துல எதும் வாங்கமாட்டேன்."

துபாயில் ஒரு பொட்டலம், அடுத்த விமானத்தில் இரண்டு. ஒவ்வொன்றையும் "பா" போட்டிருந்தும் கோப்பையில் ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்த பிறகே கலந்தேன். மாலை ஏழு மணிக்கு, இங்கிலாந்து நேரப்படி, மான்செஸ்டரில் இறங்கினோம். வெளியே எஸ்தர் நின்றாள். ரூபி அவளை உற்றுப் பார்த்தாள், யாரென்று யோசித்தாள், முடிவு கிடைக்காததால் அழுதாள். எஸ்தரின் முகமும் கோணியது.

"பசியா இருக்கும். டின் எங்க?" என்றாள்.

மூன்றே மிச்சமிருந்த "பா" பொட்டலங்களில் ஒன்றை நீட்டினேன். சங்கரன்கோவில் மடிப்பை அவளுக்குத் தெரியாதா. பெஞ்சில் உட்கார்ந்து, தாளைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நாக்கில் வைத்தாள்.

"அதான் பால்னு எழுதிருக்குல்லா?" என்றேன்.

"எழுதினது நீங்கதான?" என்றாள்.

நாக்கைச் சப்புக்கொட்டி, தலையசைத்து, தான் கொண்டுவந்த பிளாஸ்க் வெந்நீரோடு புட்டியில் கொட்டிக் குலுக்கினாள். பாதிப் புட்டி காலியான பிறகு ரூபி குடிப்பதை நிறுத்தி, அம்மாவின் மூக்கைப் பிடித்தாள்.