என் மகளுக்குக் கொடுத்த காவல் வேலை

நான் குணமாகிவிட்டேன் என்று யார் சொல்ல வேண்டும்? டாக்டரா, மாமியாரா, நானா? இதற்கு இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் தற்கொலைக்கு முயன்றேன். பிழைத்துக்கொண்டேன். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். இப்போது அவளுக்கு ஐந்து வயது. எனக்கு மாத்திரை குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. தூங்குகிறேன், சமைக்கிறேன், அவளுக்குத் தலை பின்னிவிடுகிறேன். வீட்டில் மற்றவர்களுக்கு மட்டும் அந்த நாள் இன்னும் முடியவில்லை.

கணவர் வீட்டாருக்குத் தென்மாவட்டம் பூர்வீகம். ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம், குடியிருப்பது திருவொற்றியூரில். உறவினர்களிடம் எனக்குத் தைராய்டு என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் யாராவது என் இலையை எட்டிப் பார்த்து, "முட்டைக்கோஸ் தொடாதம்மா, தைராய்டுக்கு ஆகாது" என்பார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த பொரியல் அது. நல்ல பிள்ளையாகத் தள்ளி வைப்பேன்.

மாமியார் மாத்திரையைப் பீரோவில் பூட்டி வைத்து வேளைக்கு எடுத்துத் தருவதில் எனக்குக் குறை இல்லை. அப்படிச் செய்யச் சொன்னது டாக்டர்தான். அன்றைக்கு என்னைக் கண்டுபிடித்து, செருப்புகூடப் போடாமல் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியவரும் மாமியார்தான். அதனால் அவர் மேல் வெறுப்பு வரும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்துவிடும். அவர் செய்வதுதான் சரியோ?

எங்கள் கடையில் ஒரு வழக்கம். எடை போடுகிறவரை வாசலில் நிற்பவர் கவனிப்பார். வாசலில் நிற்பவரைக் கல்லாவில் இருப்பவர் கவனிப்பார். ஆள் மேல் ஆள். யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை. மாமியார் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். முழங்கால் வலியில் என் பின்னாலேயே நடக்க முடியாமல் போனபோது, என் மேல் வைக்க அவருக்குக் கிடைத்த ஆள் என் மகள்.

"ஏட்டி, அம்மா மாத்திரைய முழுங்குதாளான்னு பாரு. நாக்கத் தூக்கச் சொல்லு. கதவச் சாத்துனா ஆச்சியக் கூப்பிடு." கூலி ஒரு கடலை மிட்டாய்.

அவளுக்கு அது விளையாட்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் கற்ற பேச்சில், இடுப்பில் கைவைத்து அதட்டுவாள்: "இன்னா, முழுங்கினியா? நாக்க தூக்கு. அந்தாண்ட காட்டு." நான் வாயைத் திறப்பேன். மிட்டாய்ப் பிசுக்கு ஒட்டிய விரலால் என் உதட்டை இழுத்துப் பார்ப்பாள். எனக்குக் கூசும். அவள் விரலால் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துச் சிரிக்கும் பெரியவர்களால். அவர்களில் ஒருவர் அவளுடைய அப்பா. மணலி ஆலைகள் பக்கமிருந்து வாடை அடிக்கிறதே என்று ஜன்னலைச் சாத்தினாலும் "ஆச்சீ" என்று கத்துவாள். எம்.காம். படித்த நான் குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளித்தேன்.

மருத்துவமனையிலும் இதே கதைதான். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாங்களா?" என்று டாக்டர் என் கணவரிடம் கேட்டார். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். மகள் முந்திக்கொண்டாள்: "நான்தான் செக் பண்றேன்." டாக்டர் அவள் கன்னத்தைத் தட்டி, "அடடே, குட்டி நர்ஸம்மா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று மாமியார் பீரோச் சாவியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காக ஒரு மாதம் ஊருக்குப் போயிருந்தார். வேன் வந்ததும் மகள் அழுதுகொண்டே கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பாப்பா, அயுவாத வா, டைம் ஆவுது" என்றார் வேன்காரர்.

"நான் வரல. ஆச்சி ஊருக்குப் போய்டுச்சு. நானும் போய்ட்டா அம்மா செத்துடும்."

வீட்டில் யார் பேச்சிலிருந்து அதைப் பிடித்தாளோ, தெருவே கேட்டது. கீழ்வீட்டு அக்கா என் பக்கம் திரும்பினார். "இன்னாடி சொல்லுது கொயந்த? உனுக்கு தைராய்டுன்னுதான உங்க மாமியாரு சொல்லிகினு கீது?"

அன்று அவள் பள்ளிக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. முதல் நாள் சாயங்காலமே கணவரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "யார் யார் இருந்தாங்க அப்ப?" பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பிறகுதான் கேட்டார். சோறு போட்டுக் கொடுத்துவிட்டு நான் எழுந்து போய்விட்டேன். அவர் பக்கத்தில் உட்காரவே பிடிக்கவில்லை.

அடுத்த முறை மருத்துவமனையில் அவரை வெளியே இருக்கச் சொன்னேன். அன்று வேறு டாக்டர், இளவயதுப் பெண். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. "மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. ஆனா பாத்துக்கற வேலை குழந்தையோடது இல்ல. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு, பெரியவங்க பாத்துக்கறோம்னு சொல்லுங்க. திரும்ப அந்த எண்ணம் வந்தா யார்கிட்ட முதல்ல சொல்லுவீங்க?" கணவரைச் சொல்ல வாய் வரவில்லை. மணலி புதுநகரில் இருக்கும் என் அக்காவைச் சொன்னேன். அங்கேயே போன் போட்டு அக்காவிடமும் சொன்னேன். "பாத்ரூம்ல இருந்தாலும் எடுப்பேன்டி" என்றாள்.

கணவரிடம் கேட்டது ஒன்றுதான்: என் வாயைப் பார்க்காமல், எப்படி இருக்கிறாய் என்று என்னைக் கேளுங்கள். டிவியைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் கேட்டார். கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

மகளிடம், "இனிமே நீ செக் பண்ண வேணாம்டா, அது உன் வேலை இல்ல" என்றேன்.

"அப்ப மிட்டாய்?"

"அது சும்மாவே தரேன்."

ஒன்று எடுத்துக் கொடுத்தேன். மென்றுகொண்டே கேட்டாள்: "அப்ப யாரு பாப்பாங்க?"

"அப்பா, பெரியம்மா, டாக்டர்."

"அவங்கள்லாம் இங்க இல்லியே."

இப்போது என் அக்கா காலையில் வந்து நின்றால்தான் வேனில் ஏறுகிறாள். ஞாயிற்றுக்கிழமை மாமியார் திரும்பி வருகிறார். வந்ததும் மிட்டாய் டப்பாவைத் திறந்து அவளை மறுபடி வேலைக்குச் சேர்த்துவிடுவார்; தவறு என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. என் உயிரைக் காப்பாற்றியவரிடம், என் பிள்ளையை விட்டுவிடுங்கள் என்று எந்த வார்த்தையில் சொல்வது? இப்படியொரு நோயிலிருந்து எழுந்து பிள்ளை வளர்ப்பவர்கள், அப்படிப்பட்ட தாயிடம் வளர்ந்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் வீட்டில் என்ன சொன்னீர்கள், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று தயவுசெய்து எழுதுங்கள்.