தம்பியின் வாய்க்குள் போன பஞ்சு

என் வீட்டுக்காரர் இறந்த பத்தாம் நாள், பிறந்த வீட்டுக் கோடிப் புடவைக்காகக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். கூடப்பிறந்த ஒரே தம்பி வெறுங்கையோடு வந்தான். எங்கள் ஊர் நெம்மேலி சனம் மொத்தமும் கேட்கச் சொன்னான்:

“எங்க வூட்டுக் கோடி இதுக்கு எதுக்கு? இது எங்கம்மா வயித்துல பொறந்ததா இன்னா? மதுராந்தகம் ஏரிக்கரையில கெடந்தத தூக்கினு வந்து வளத்தாங்க.”

நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதும் கூச்சம். பக்கத்து வீட்டுக்காரி தன் புடவை ஒன்றைப் போர்த்திவிட்டாள்.

படூரில் அப்பா விட்டுப்போன நிலத்தில் எனக்குப் பங்கு தராமலிருக்கத்தான் அந்தப் பேச்சு. நிலம் போனால் போகட்டும். செத்துப்போன என் அம்மாவை என்னிடமிருந்து பிடுங்கினானே, அதை எப்படி விடுவது? செங்கல்பட்டு கோர்ட்டில் வழக்குப் போட்டேன். இருவருக்கும் டி.என்.ஏ. பரிசோதனை செய்யச் சொன்னார்கள்.

ரத்தம் எடுப்பார்கள் என்று நினைத்து மகளோடு போனேன். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தேய்த்தார்கள். அடுத்து அவன். எந்த வாயால் அப்படிச் சொன்னானோ, அந்த வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். ஆசை தீரப் பார்த்தேன்.

பஞ்சு எடுத்த பெண்ணிடம் மெதுவாகக் கேட்டேன். “இதுல எங்கம்மா எங்க இருக்காம்மா?”

அவள் சிரித்துவிட்டு, ஒரு தாளில் முட்டை மாதிரி வரைந்தாள். “இது ஒரு செல்லு. நடுவுல மஞ்சக்கரு மாதிரி இருக்கு பாருங்க, அதுக்குள்ள அப்பா குடுத்ததும் இருக்கு, அம்மா குடுத்ததும் இருக்கு. வெளியில பொடிப்பொடியா மிதக்குதுல்ல? அதுக்குள்ளயும் கொஞ்சம் இருக்கு. அது அம்மா மட்டும் குடுக்கிறது.”

“ஆம்பளப் பிள்ளைக்குமா?”

“அவருக்கும்தான். ஆனா அவரு பிள்ளைங்களுக்கு அவரால அதக் குடுக்க முடியாது. நீங்க உங்க மகளுக்குக் குடுத்திருப்பீங்க.”

வீடு வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அம்மா என் மகளிடம் இருக்கிறாள். அவன் வழியில் அது அவனோடு சரி.

முடிவு வந்தது. மஞ்சள் கருவில் இருப்பதும், வெளியே இருப்பதும், நாங்கள் ஒருத்தி வயிற்றுப் பிள்ளைகள் என்றே சொல்லின. சமாதானமாகப் போகலாம் என்று தம்பி ஆள் அனுப்பினான். கோடியோடு வரச் சொன்னேன். அன்று நின்ற சனத்தையும் கூப்பிட்டு வைத்தேன்.

தட்டை நீட்டினான். “வாங்கிக்க.”

“யாருக்குன்னு சொல்லிக் குடு.”

“எங்கம்மா பெத்த அக்காவுக்கு” என்று முணுமுணுத்தான்.

“காது கேக்கல நைனா.”

மூன்று முறை சொல்ல வைத்தேன். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும்.