பின் இருக்கையின் ஒன்றரை டிகிரி

கொரோனா முடக்கம் தளர்ந்து, பினாங்கில் சாலையோர டுரியான் பழக் கடைகள் மறுபடியும் முளைத்த வருடம் அது. ஜெலுத்தோங்கில் என் தங்கை வீட்டு வாசலில், ஒரு பழைய ஜீப்பின் அடியில் நானும் அவள் கணவரும் மல்லாந்து கிடந்தோம். இருவரும் பணி ஓய்வு பெற்றவர்கள். நான் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போட்டவன்; கோடு பிசகினால் எனக்குச் சோறு இறங்காது. மாப்பிள்ளை லாரிகளோடு காலம் தள்ளியவர். அவருக்கு எல்லாமே பரவாயில்லைதான்.

அவர்களுக்குப் பாலிக் புலாவ் மலைச்சரிவில் ஒரு சிறு தோட்டம் இருந்தது. தங்கை தன் கையால் நட்ட டுரியான் கன்றுகள் அந்த வருடம்தான் முதல் தடவையாகக் காய்த்தன. ஆனால் அதற்குள் அவள் முழங்கால்கள் பழுதாகிவிட்டன. கல் பெயர்ந்த அந்த ஏற்றத்தில் அவளால் நடக்க முடியாது, சாதாரணக் கார் ஏறாது. "தூக்கிட்டுப் போறேன்னு எவனும் கிட்ட வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்று முன்னதாகவே எச்சரித்திருந்தாள். டுரியானை யாரும் பறிப்பதில்லை, அது தானாக விழும். விழத் தொடங்கினால் சில வாரங்களில் ஓய்ந்துவிடும். அதற்குள் இந்த ஜீப் அவளை மேலே கொண்டுபோக வேண்டும்.

கற்களில் அடி தட்டாமல் இருக்க உயரமான ஸ்பிரிங் பட்டைகளைப் போட்டோம். வண்டியை அப்படி உயர்த்தினால் ஒரு வம்பு வரும். சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு முன்பைவிட அதிகமாகச் சரியும். அதன் இரு முனை மூட்டுகளும் ஒரே கோணத்தில் மடங்க வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் வேகத்தில் வண்டி உதறும். நாளாவட்டத்தில் மூட்டு உடைந்து தண்டே கழன்று விழும். அந்த மலைப்பாதையில், தங்கை உள்ளே இருக்கும்போது அப்படி நேர்ந்தால்? நினைத்து நினைத்தே எனக்குத் தூக்கம் கெட்டது.

அதனால் அச்சின் மேல் ஸ்பிரிங் உட்காரும் தாங்கிகளை, வெட்டி மாற்ற வசதியாகப் பொட்டுப் பொட்டாக மட்டும் பற்றவைத்து, கோணமானியை ஒட்டி, அளந்து அளந்து அச்சைத் திருப்பினேன். அளவு சுத்தமாக வர வேண்டும் என்று கருவிப் பெட்டி, மாற்றுச் சக்கரம், கால்மிதி எல்லாவற்றையும் இறக்க வைத்தேன்.

"மச்சான், கண்ணாடியில உள்ள தூசியையும் தொடச்சிடவா? அதுவும் வெயிட்டுதானே" என்றார் மாப்பிள்ளை.

இரு முனைகளும் நான்கு டிகிரியில் வந்து நின்றன. கடலோரச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். வழுக்கிக்கொண்டு போனது.

மறுநாள் தங்கையைப் பின் இருக்கையில் ஏற்றினோம். முன்னால் காலை நீட்ட இடமில்லை. வேகம் அறுபதைத் தொட்டதுமே வண்டி உதற ஆரம்பித்தது. "ஐயோ, கட்டின பல்லு கழண்டு விழுந்துடும் போல இருக்கே!" என்று பின்னாலிருந்து சத்தம். திரும்பி வந்து அவளை இறக்கிவிட்டு அளந்தேன். அதே நான்கு, அதே நான்கு.

"பரவாயில்லலா மச்சான், மெதுவா போய்க்கலாம்."

"உதறுற வண்டியில என் தங்கச்சிய ஏத்த மாட்டேன்."

பேச்சு வளர்ந்தது. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துப் பக்கத்துக்காரர் கைப்பேசியில் அழைத்தார். காய் விழத் தொடங்கிவிட்டதாம். தங்கைக்கு முகம் வாடிவிட்டது. முக்காலியை இழுத்துப் போட்டு, முனகியபடி மறுபடி பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் சண்டைய முடிச்சிட்டுச் சொல்லுங்க. நான் இறங்க மாட்டேன்."

அடியில் கிடந்த என் கண்ணெதிரே கோணமானி நகர்ந்தது. பதறிவிட்டேன். "ஏறாதம்மா, இறங்கு! அளவு மாறுது!"

"நல்லா இருக்கே! நான் ஏறாம இந்த வண்டி யாருக்குண்ணே?"

மறுபடி கோணமானியைப் பார்த்தேன். பின்பக்கம் அழுந்தியதில் இரு முனைகளுக்கும் இடையே ஒன்றரை டிகிரி வித்தியாசம் வந்திருந்தது. யாருக்காக வண்டி செய்தோமோ அவளை இறக்கிவைத்துவிட்டு அளந்திருக்கிறோம். மாப்பிள்ளை தரையில் உருண்டு உருண்டு சிரித்தார்.

இறக்கியதையெல்லாம் திரும்ப ஏற்றினோம். அன்று மதியம் முழுவதும் தங்கை அந்த நின்ற ஜீப்பிலேயே இருந்தாள். மடியில் முறத்தை வைத்துக் கீரை ஆய்ந்தாள், தேத்தண்ணி குடித்தாள். நாங்கள் பொட்டுகளை வெட்டி, அச்சைத் திருப்பி, அவளுடைய பாரத்துக்குக் கோணத்தைச் சரிசெய்தோம். "அண்ணே, மூச்சு விடலாமா? அதுக்கும் அளவு மாறுமா?" என்று நடுநடுவே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளை இறக்கிவிட்டு முழுதாகப் பற்றவைத்தோம்.

அடுத்த நாள் காலை ஜீப் உதறாமல் ஓடி, மலையும் ஏறியது. தன் மரத்தடியில் கிடந்த பழத்தை அவளே குனிந்து எடுத்தாள். பின் இருக்கையில் கால்களை வெளியே தொங்கவிட்டபடி ஒரு சுளை தின்று, "டுரியானுக்கு வேண்டிய கசப்பு இருக்குங்க. நல்ல மரம்" என்றாள். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு டயரைப் பார்ப்பது போல் நின்றார்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு பருவங்களுக்கும் அவள் வந்தாள். இப்போது அவள் இல்லை. நாங்கள் இருவர் மட்டும் போகும்போது, அறுபதைத் தொட்டால் ஜீப் லேசாக உதறுகிறது. எனக்கு மனம் கேட்பதில்லை. வெட்டித் திருப்பினால் அரை நாள் வேலைதான் என்று ஒருமுறை சொன்னேன்.

"வேணாம் மச்சான். ஐம்பதுலயே போவோம்" என்றார் மாப்பிள்ளை.

கோடு பிசகினால் சோறு இறங்காத நான் அந்த ஒன்றரை டிகிரியை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறேன். பின்னால் ஒரு ஆள் குறைவது எங்களைப் போலவே அந்த ஜீப்புக்கும் தெரிகிறது என்பதில் ஏதோ ஒரு நிம்மதி.