நின்றுபோன சத்தத்துக்கு நான் சொன்ன நன்றி

நம் அன்பிய ஜெபக் கூட்டத்துக்கு வந்திருக்கும் குடும்பங்களே, போன தவக்காலத்தில் இதே இடத்தில் நின்று ஒரு சாட்சி சொன்னேன். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தச் சாட்சி தப்பு.

என் இதயத்தில் இருப்பது செயற்கை வால்வு. ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து நெஞ்சுக்குள் டிக் டிக் என்று சத்தம். மயிலாப்பூரில் நான் பாடம் எடுக்கும் வகுப்பில் பிள்ளைகள் அதே தாளத்தைப் பேனாவால் பெஞ்சில் தட்டுவார்கள். மானம் போகும். இந்தச் சத்தத்தை எடுத்துவிடும் ஆண்டவரே என்று அழுது ஜெபித்தேன்.

தவக்காலம் பாதியில் சத்தம் அடங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிவந்து உங்களிடம் சாட்சி சொன்னேன்.

அதே வாரம் படி ஏறினால் மூச்சு வாங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. என் வீட்டுக்காரர், "நோன்புக் களைப்புன்னு சொல்லிக்கினே இருக்க. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று இழுத்துப் போனார்.

சத்தம் ஜெபத்தால் நின்றது என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் ஸ்கேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வால்வுல ரத்தம் கட்டியிருக்கும்மா. ரெண்டு கதவுல ஒண்ணு அசையல. அதான் சத்தம் இல்ல."

சுத்தபோசனம் என்று கறி மீனை விட்டு, தினமும் முருங்கைக்கீரை சாப்பிட்டிருந்தேன். ரத்தம் உறையாமலிருக்க நான் போடும் மாத்திரையின் பலத்தை அது குறைத்துவிட்டது. சுகமாகிவிட்டதே என்று ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போட்டிருந்தேன்.

கட்டியைக் கரைக்க மருந்து ஏற்றினார்கள். ஒரு துண்டு பிய்ந்து மூளைக்குப் போனால் கைகால் விழுந்துவிடும், உயிரும் போகலாம் என்றார்கள். என்னால் ஜெபிக்க முடியவில்லை. எந்த வாயால் கேட்பது? போன தடவை கேட்டதுதான் கிடைத்ததே. கடைசியில், "நான் கேட்டதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலையில் லேசாக ஒரு டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வாய்விட்டு அழுதேன். ஸ்கேனில் கதவு அசைந்தது.

இப்போது கீரை அளவோடுதான். பரிசோதனையைத் தவறவிடுவதில்லை. ஆனாலும் பயம் போகவில்லை. பாடத்தை நடுவில் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். பிள்ளைகள் என்னையே பார்க்கிறார்கள்.

ஆண்டவர் என்னைக் கைவிடவில்லை. கோடி நன்றி அவருக்கு. நீங்களும் நம்பிக் கேளுங்கள், ஆனால் கிடைத்ததை டாக்டரிடமும் காட்டுங்கள். அன்று என் சாட்சியை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் இங்கே யாராவது இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நானே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.