1993-இல் பிறந்தவர்கள் மட்டும்

"26-8-2010, வியாழன். சிங்கப்பூர் முடிந்தது. இந்தியா: தங்கம் 0, வெள்ளி 6, வெண்கலம் 2."

கோடு போட்ட நோட்டின் நடுப்பக்கத்தில், பத்து வயதுக் கையெழுத்தில் இப்படி எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனால் இன்றைக்கும் வலித்தைலத்தின் வாடை வருகிறது. முழங்காலுக்குத் தைலம் தேய்த்த கையோடு என் அக்கா நித்யா அதைத் தொட்டிருக்கிறாள். இத்தனை வருடம் காகிதத்தில் வாடை தங்குமா என்று கேட்டால் தங்காது என்றுதான் நானும் சொல்வேன், ஆனாலும் வருகிறது. தங்கத்துக்கு நேரே உள்ள பூஜ்யத்தைச் சுற்றி ரப்பர் தேய்த்த கறுப்பும் சின்னக் கிழிசலும் இருக்கின்றன. அங்கே முதலில் வேறொரு எண் இருந்தது.

சிங்கப்பூரில் நடந்தது முதலாவது இளையோர் ஒலிம்பிக். நான் பதக்கக் கணக்கு எழுதத் தொடங்கியது அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2008 அக்டோபரில், புணேயில் காமன்வெல்த் நாடுகளின் இளையோர் போட்டி நடந்தபோது. பட்டியலில் இந்தியாவுக்கு முதலிடம். கிண்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்த அப்பா பேப்பரை மடித்துக்கொண்டே, "நம்ம வீட்டுக் கல்யாணத்துல முதல் பந்தி நமக்குத்தானே" என்றார். எனக்கு அந்தக் கேலி புரியவில்லை. நாடு முதலிடம், அதை எங்காவது எழுதிவைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. சேலையூரில், கேம்ப் ரோட்டை ஒட்டிய எங்கள் காலனியில் மற்றப் பிள்ளைகள் கிரிக்கெட் ஸ்கோர் எழுதிய வயதில், நான் யாரும் படிக்காத உள்பக்கச் செய்திகளிலிருந்து வட்டெறிதலையும் பளுதூக்குதலையும் எடுத்து எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்குக் காரணம் அக்கா. அவள் ஓடியது நானூறு மீட்டர் தடைதாண்டும் ஓட்டம். காலனிக்குப் பின்னால், மனைக்கல் நட்டுத் தார்ரோடு போட்டு, வீடு மட்டும் எழும்பாமல் கிடந்த ஒரு "லேஅவுட்" இருந்தது. காலை ஐந்தரைக்கு அங்கே கவிழ்த்த பக்கெட்டுகளுக்கு மேல் பிளாஸ்டிக் பைப்பை வைத்து, முப்பத்தைந்து மீட்டருக்கு ஒன்றாகத் தடைகள் அமைப்பார்கள். அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் அவள் படித்த பள்ளியின் பி.டி. சார், இரும்புலியூர்க்காரர். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவில் அவள் வைக்கும் அடிகளை நான் எண்ணிச் சொல்லவேண்டும்.

"பதினேழு வைன்னா பதினெட்டு வைக்கிறியே! கால் மாறிக்கீது பாரு. காலங்காத்தால பேஜார் பண்ணாத!" என்று அவர் கத்துவார்.

"அவ தப்பா எண்றா சார்!" என்று அக்கா என்னைக் காட்டுவாள். நான் தப்பாக எண்ணியதில்லை. இதை இப்போதும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

அக்காவுக்கு இரண்டு பிறந்தநாள் இருந்தது. எங்கள் காலத்து வீடுகளில் இது ஒன்றும் அதிசயமில்லை. 1997 ஜூனில் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஐந்து வயது நிரம்பவில்லை என்று பள்ளியில் சொல்ல, "ஒரு வருஷம் எதுக்கு வேஸ்ட்டாகணும்" என்று அப்பா பாரத்தில் 15-5-1992 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வீட்டில் நாங்கள் கேசரி கிளறியது ஜனவரி மூன்றாம் தேதி, அதாவது 1993 ஜனவரியைக் கணக்கில் வைத்து. "ஸ்கூல் பர்த்டே" மே மாத விடுமுறையில் வந்ததால், பிறந்தநாளன்று "கலர் டிரஸ்" போட்டுக்கொண்டு வகுப்பில் சாக்லேட் கொடுக்கும் பாக்கியம் அவளுக்கு ஒரு வருடமும் கிடைக்கவில்லை. ஜனவரியில் யூனிஃபார்மிலேயே போய், பி.டி. சாருக்கு மட்டும் ரகசியமாக ஒன்று நீட்டுவாள். அப்பாவுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லாததால் எங்கள் இருவருக்கும் அது எழுதப்படவில்லை. குன்றத்தூர் மலைக் கோயிலில் அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டால், அம்மா, "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று முந்திக்கொள்வாள்.

அந்தப் பாரத்தின் விளைவாக அக்கா பள்ளிக்காலம் முழுக்கத் தன்னைவிட மூத்தவர்களோடு ஓடினாள். பெரும்பாலும் மூன்றாவதாக வந்தாள், சிலசமயம் நான்காவதாக.

2010 தொடக்கத்தில், அவள் கல்லூரி முதலாண்டில் இருந்தபோது, பி.டி. சார் ஒரு விண்ணப்பத்தோடு வீட்டுக்கு வந்தார். மாதத்தை நான் குறித்துவைக்கவில்லை. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சிங்கப்பூருக்கு ஆள் எடுக்கும் வரிசையில் முதல் படியாக நகரத்தில் ஒரு தேர்வுப்போட்டி. தடகளத்துக்கு 1993, 1994-இல் பிறந்தவர்கள் மட்டும்.

"சார், இந்தப் பொண்ணு இத்தினி வருஷமா பெரிய பசங்களோட ஓடிக்கினு கீது. அது வயசு பசங்களோட ஓடவுட்டா மொதல்ல வரும். எனக்குத் தெரியாதா சார், ஜனவரில சாக்லேட் குடுக்குதே" என்றார். "பேப்பர்ல தொண்ணூத்திரண்டு கீது. அத மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க."

"அது என்ன சார் சட்டையா, பட்டனை மாத்தித் தைக்க?" என்றார் அப்பா.

ஆனாலும் நகராட்சி அலுவலகத்துக்கு எங்கள் இருவரையும் அழைத்துப் போனார். பழைய பதிவேட்டில் பிறப்பு கிடைத்தது: 3-1-1993, பெண் குழந்தை, அப்பா அம்மா பெயர் சரி. குழந்தையின் பெயர் இருக்கவேண்டிய கட்டம் காலி. அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து பெயரில்லாமல்தான் பதிவு போகும். பெற்றோர் பிறகு வந்து சேர்க்கவேண்டும். எங்கள் வீட்டில் யாரும் போகவில்லை. கவுன்டரில் இருந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தார்.

"பதினஞ்சு வருஷத்துக்குள்ள சேத்திருக்கணும் சார். இது இந்தப் பொண்ணுதான்னு எப்படி நம்புறது? அந்தச் சின்னப் பொண்ணா இருந்தா?"

"அது ரெண்டாயிரத்துல பொறந்தது மேடம்."

"அப்போ இது யாரு?"

"நான்தான் மேடம்" என்றாள் அக்கா.

"நீ தொண்ணூத்திரண்டு மேன்னு உங்க மார்க் ஷீட்டே சொல்லுதேம்மா. அதுக்கப்புறம் மறுபடியும் எட்டு மாசத்துல பொறந்தியா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். பெயரில்லாத அந்தச் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்தோம்.

தேர்வு நாளன்று ஸ்டேடியத்தில் அக்காவின் மார்பில் எண் குத்தியாகிவிட்டது. காகிதம் சரிபார்க்கும் மேசையில் இருந்தவர் பிறப்புச் சான்றிதழ், மார்க் ஷீட் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் கடுமையானவர் இல்லை, இதைச் சொல்லவேண்டும். "இதுல பேர் இல்ல. அதுல தேதி வேற. நான் எதைப் பாத்து அனுப்ப, சொல்லுங்க? ஸ்கூல்ல குடுத்த தேதி தப்பு, இதுதான் சரின்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. மேல கேட்டுப் பாக்குறேன்" என்று ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார்.

அப்பா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். ஒலிபெருக்கியில் யாரோ யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார்கள். தாளில் அன்றைய தேதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினார். "இவளோட பத்தாவது, பன்னெண்டாவது, காலேஜ், எல்லாமே அந்தத் தேதியிலதான் சார் இருக்கு. நானே பொய்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கு எல்லாத்தையும் கேப்பாங்க" என்றார். அப்பா மூடியைப் போட்டு, பேனாவைப் பையில் செருகிக்கொண்டார். அக்கா தன் எண்ணின் நான்கு ஊக்குகளையும் தானே கழற்றி மேசையில் வைத்தாள்.

திரும்பும்போது தாம்பரம் லோக்கலில் உட்கார இடம் இருந்தது, அக்கா உட்காரவில்லை. பல்லாவரம் தாண்டியதும் கேட்டாள்: "அப்பா, எனக்கு என்ன வயசு?"

"பதினேழு."

"அதை எழுதித் தரதுக்கு என்ன?"

சானடோரியம் வந்தது. பிறகு தாம்பரமும் வந்தது.

ஆகஸ்டில் போட்டி நடந்த பன்னிரண்டு நாட்களும் நான் பேப்பருக்குக் காத்திருந்தேன். குத்துச்சண்டை, மல்யுத்தம், டென்னிஸ், இறகுப்பந்து என்று வெள்ளியாக வந்தது. தடகளத்தில் இரண்டு வெள்ளி, அதில் ஒன்று அக்காவின் ஓட்டத்திலேயே, ஆண் பிள்ளைகள் பிரிவில். தங்கம் வரவே இல்லை. கடைசி நாள் நான் தங்கத்துக்கு நேரே பென்சிலால் 1 என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "நித்யாக்கா" என்று போட்டேன். எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. அவள் ஓடியிருந்தால் வந்திருக்கும், அவ்வளவுதான்.

அக்கா பின்னால் நின்று பார்த்துவிட்டாள். நோட்டைப் பிடுங்கி, தாள் கிழியும் அளவுக்கு ரப்பரைத் தேய்த்தாள்.

"இல்லாததை எழுதாதடி. இந்த வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் எழுதினது போதும்."

அப்பா கூடத்தில்தான் இருந்தார். விரித்த பேப்பருக்குப் பின்னால் அவர் முகம் தெரியவில்லை. பக்கம் திருப்பும் சத்தமும் வரவில்லை. அந்த மாதத்தோடு அக்கா லேஅவுட்டுக்குப் போவதை நிறுத்தினாள். பி.டி. சார் இரண்டு முறை வந்து கேட்டுவிட்டுப் போனார். "கால் வலி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அதற்குப் பிறகான பதிவுகளைச் சுருக்கமாகத் தருகிறேன், ஏனென்றால் அவற்றை நான் சுருக்கமாகத்தான் எழுதியிருக்கிறேன். 2014, நாஞ்சிங்: வெள்ளி ஒன்று, வெண்கலம் ஒன்று. 2018, புவனஸ் அயர்ஸ்: தங்கம் மூன்று, வெள்ளி ஒன்பது, வெண்கலம் ஒன்று. பல நாட்டுப் பிள்ளைகளைக் கலந்து ஆடவிட்ட அணிகளின் பதக்கங்கள் எந்த நாட்டின் கணக்கிலும் சேராது. அதை அறியாமல் சேர்த்து எழுதிய பட்டியல்களைத் திருத்துவதில் ஒரு மழைக்காலத்தையே செலவழித்தேன். முதல் தங்கம் வந்த அன்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு கட்டைவிரலை அனுப்பினாள். 2022-இல் டக்காரில் நடக்கவேண்டியதைப் பெருந்தொற்றால் 2026-க்குத் தள்ளிவைத்தார்கள். நடுவில் வயது கடந்துபோன பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் பட்டியல் போட்டதாகத் தெரியவில்லை.

அக்கா இப்போது ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கிறாள், ஒரு கம்பெனியில் ஆள்சேர்ப்புப் பிரிவில் வேலை. நாளெல்லாம் அடுத்தவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கிறாள். அப்பா 2021-இல் போய்விட்டார். கடைசிவரை அவர்கள் இருவரும் பேசிக்கொண்டது "சாப்டாச்சா", "மாத்திரை போட்டாச்சா", "மழை வருது, வண்டியை உள்ள வை" என்ற அளவில்தான். அக்கா அவரைக் கவனித்துக்கொண்டதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மன்னிக்கவில்லை, அவ்வளவுதான்.

அண்மையில் அக்கா தன் மகளைப் பள்ளியில் சேர்க்க, பிறப்புச் சான்றிதழைக் கைப்பேசியில் எடுத்து அம்மாவிடம் காட்டினாள். பெயர், தேதி, நேரம்கூட இருந்தது. அம்மா அதைத் தள்ளிப்பிடித்துப் படித்துவிட்டு, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"எவ்ளோ சுளுவா இருக்கு. உன் தேதியே சரியான்னு எனக்குச் சந்தேகம்டி. அந்த நர்சிங் ஹோம்ல நாலஞ்சு குழந்தைங்களைச் சேத்து ஒரே தேதி போட்டு எழுதி அனுப்புவாங்க. நீ பொறந்தப்போ ரூம்ல புதுக் காலண்டர் மாட்டியிருந்துது. மொதல் தாளே கிழிக்கல. மார்கழி, அது மட்டும் நிச்சயம்."

அக்கா கைப்பேசியைக் கீழே வைத்தாள். "இதை ஏம்மா அப்பவே சொல்லல?"

"யாரு என்னைக் கேட்டீங்க? நீயும் உங்கப்பாவும்தானே பேப்பரைத் தூக்கிட்டு அலைஞ்சீங்க."

அக்கா, நறுக்கிய வெண்டைக்காயைத் தட்டில் தள்ளிக்கொண்டே கேட்டாள்: "அப்போ, அப்பா தொண்ணூத்திமூணுன்னு எழுதிக் குடுத்திருந்தாலும் பொய்யாத்தான் இருந்திருக்குமா?"

என்னால் முடிந்ததைத் தேடிப் பார்த்தேன். மார்கழி டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிறது; ஆண்டு மாறும் நாள் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. தாள் கிழிக்காத காலண்டர் டிசம்பர் கடைசி வாரமே மாட்டியதாக இருக்கலாம். ஜனவரி முதல் தேதியாக இருக்கலாம். கிழிக்க யாருக்கும் நேரமில்லாத அறையில் மூன்றாம் தேதியாகவும் இருக்கலாம். அந்த நர்சிங் ஹோம் இருந்த இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பும் கீழே ஒரு மொபைல் கடையும் இருக்கின்றன. அவர்களுடைய பிரசவப் பதிவேடு எங்கே போனதென்று அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. லேஅவுட்டில் இப்போது ஒரு மனைகூடக் காலியில்லை. பி.டி. சாரின் எண் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. மேசையில் பேனாவை மூடியபோது அப்பாவுக்கு இந்தச் சந்தேகம் இருந்ததா என்று கேட்க அவரும் இல்லை.

என் அக்கா நித்யா பிறந்தது 1992-இலா, 1993-இலா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.